மேல ஆள் இருக்கு

பிப்ரவரி 11, ஞாயிறு

மூன்றாவது குழிக்கும் கான்கிரீட் போட்டாயிற்று. இடுப்பு விட்டுப்போய்விட்டது. இரண்டு குழி எங்கள் பக்கம். மூன்றாவது கொழுந்தன் வீட்டுப் பக்கம், கேட்டை ஒட்டி, அவருடைய கார் போகும் வழிக்கு அப்பால். வேறு வழியில்லை. என் ரேடியோ டவர் ஒல்லி ஆள், சொந்தக் காலில் நிற்காது. மூன்று திசையிலும் ஸ்டே கம்பியால் இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். ஒரு பக்கம் விட்டுப்போனால் மற்ற இரண்டு பக்கமும் சேர்ந்து அதைச் சாய்த்துவிடும். இதைப் போன மாதமே கொழுந்தனுக்குப் பேப்பரில் வரைந்து காட்டிக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணி, தாராளமா" என்றார்.

இன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "ஏன் அண்ணி, போன்ல பேச முடியாததை அப்படி என்னத்தைப் பேசப்போறீங்க? இந்த வயசுல?" பக்கத்தில் நின்ற இவரும் சிரித்தார். தம்பி சொன்னால் சிரித்துவிட வேண்டும், அது இவருக்கு ஒரு வியாதி.

அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர்த் தொட்டிக்கும் மரத்துக்கும் நடுவே ஒற்றைக் கம்பியை ஏரியலாகக் கட்டிக்கொண்டு ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உலகம் பூராவும் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவதுதான் ஒருவருக்கும் கேட்பதில்லை. "ரொம்ப லேசா வருது, மறுபடி சொல்லுங்க." மறுபடி சொல்வதற்குள் பெரிய குரல்காரன் ஒருவன் நடுவே புகுந்து என்னை மூழ்கடித்துவிட்டுப் போவான். உயரம் இல்லாதவர்களுக்கு அப்படித்தான். பதினெட்டு மீட்டர். ஆறு துண்டு. ஏற்றியே தீருவேன்.

பிப்ரவரி 14

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கொழுந்தன் பக்கத்துக் கொக்கியில் துடைப்பத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்து ஓரமாக வைத்தேன்.

பிப்ரவரி 20

எங்கள் ரேடியோ சங்கத் தலைவர் வந்தார். மீசை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவர் காதுபடவே. அவருக்கு அதில் பெருமை வேறு.

டவர் துண்டுகளைத் தட்டிப் பார்த்தார். திருகாணிகளை எண்ணினார். "நல்ல சாமான்" என்றார். நான் மேலே ஏறப்போவதாகச் சொன்னேன். சொந்தமாக பெல்ட் இருக்கிறது, சங்கத்து டவரில் இரண்டு முறை ஏறியிருக்கிறேன், அதை அவரே கீழே நின்று பார்த்திருக்கிறார்.

"நீங்க கீழ நின்னு ஃபோட்டோ எடுங்கம்மா. மேல நாங்க பாத்துக்கறோம்."

ஃபோட்டோவாம்! என் டவர், என் குழி, என் இடுப்பு. பொய்ப்பல் கட்டுகிற கை இது. ஒரு கடைவாய்ப்பல் நாக்கில் உறுத்துகிறது என்றால் எங்கே, எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று தொட்டே சொல்கிற கை. அதற்கு ஒரு திருகாணி முடுக்கத் தெரியாதா?

கடைசியில் பெரிய மனது பண்ணி எனக்குத் தரைப் பொறுப்பைக் கொடுத்தார். சம்மதித்தேன். இதை எழுதும்போதுதான் கோபம் பொங்குகிறது. இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் கடைசியில் எனக்கே ஒரு செட் கட்ட வேண்டியிருக்கும்.

மார்ச் 3, ஞாயிறு

மூன்று துண்டு ஏறிவிட்டது! கீழ்வரிசை ஸ்டே கம்பிகளும் போட்டாயிற்று. மீசை மேலே. சங்கத்தில் ஏணி என்று பெயர் வாங்கிய நெட்டைப் பையன் கப்பிக் கயிற்றை இழுத்தான். பையன் என்ன பையன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஆள் ஏறியதும் தரைப் பொறுப்பு "மேல ஆள் இருக்கு!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மேலே இருப்பவர் சொல்லாமல் எவரும் எந்தக் கயிற்றையும் தொடக்கூடாது. மந்திரியே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் தொண்டை கிழியக் கத்தினேன். கொழுந்தன் மாடியிலிருந்து, "அண்ணிக்கு ரேடியோவே வேண்டாம் போலிருக்கே" என்றார். இதற்கு நானே சிரித்துவிட்டேன். நல்ல நாள்.

மார்ச் 12

பேனா நிற்கவில்லை. இரண்டு உள்ளங்கையும் கட்டுப் போட்டிருக்கிறது. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், இருக்கட்டும். இதை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது துண்டு ஏறியது. மேல்வரிசை ஸ்டே கம்பி போடுகிற உயரம் வரும்வரை அந்தத் துண்டை மூன்று பக்கமும் தற்காலிகக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பி வந்தால் கார் வழிக்கு மேலே உயரமாகப் போய்விடும். கயிறு தாழ்வு, வழியை மறிக்கும். அதனால்தான் முதல் நாளே கொழுந்தனிடம் போய், மதியம்வரை காரை எடுக்க வேண்டாம் தம்பி என்று கேட்டுக்கொண்டேன். "ஆகட்டும் அண்ணி."

மூன்று கயிறும் நான் கட்டியது. கொக்கியில் இரண்டு சுற்று, மேலே மூன்று முடிச்சு, வால் நுனியை மடக்கிச் சிவப்பு டேப். கொழுந்தன் பக்கத்துக் கயிற்றுக்கு இவரைக் காவல் நிறுத்தினேன். மீசை உச்சியில், பெல்ட்டில் சாய்ந்துகொண்டு கப்பியை மாற்றிக்கொண்டிருந்தார். நான் ஏணியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஐந்தாவது துண்டுக்குக் கயிறு மாட்டப் போனேன். அங்கிருந்து கேட் தெரியாது.

மீசை கத்தினார். அப்படியொரு சத்தம் ஒரு ஆம்பிளைத் தொண்டையிலிருந்து நான் கேட்டதில்லை.

ஓடி வந்தேன். டவரின் மேல்பாதி வளைந்து போகிறது. கேட் பக்கத்துக் கயிறு தரையில் புரள்கிறது, நுனி மேலே ஏறிப் போகிறது. இவரைக் காணோம். பாய்ந்து பிடித்தேன். கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. விடவில்லை. எப்படிக் கேட் தூணில் ஒரு சுற்றுப் போட்டேன், தெரியாது. ஏணி ஓடிவந்து சேர்ந்து இழுத்தான். டவர் நிமிர்ந்தது. மீசை இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. தண்ணீர் கொடுத்தால் டம்ளர் பல்லில் இடிக்கிறது.

கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறார், "முடிச்சு தானா நழுவிடுச்சு அண்ணி. நான் பாத்துட்டே இருந்தேன்."

தானா நழுவிடுச்சாம்!

இவர் எங்கே போனார்? "தம்பி பாத்துக்கறேன்னான். ஒரு வாய் காபி குடிச்சுட்டு வான்னான்." காபி. மேலே ஒரு உயிர் தொங்குகிறது, இவருக்குக் காபி.

மார்ச் 13

சங்கத்து வாட்ஸப்பில் மீசை போட்டிருக்கிறார்: "தரைப் பொறுப்பில் இருந்தவர் போட்ட முடிச்சு நழுவியதால் விபத்து மயிரிழையில் தப்பியது. இனி அனுபவம் உள்ளவர்களுக்கே தரைப் பொறுப்பு. டவர் வேலை நிறுத்தம்."

கீழே கும்பிடும் கை படங்கள் வரிசையாக. ஒருவன், ஒரே ஒருவனாவது, "கை எப்படி இருக்கிறது" என்று கேட்டானா?

மார்ச் 15

கேட் தூணின் உள்பக்கத்தில் என் சிவப்பு டேப் கிடைத்தது. கிழியவில்லை. நுனியிலிருந்து நிதானமாக உரித்து, மடித்து, தூணிலேயே ஒட்டி வைத்திருக்கிறது. முடிச்சு நழுவலாம், சரி. நழுவுகிற முடிச்சு தன் டேப்பைத் தானே உரித்து மடித்து ஒட்டிவிட்டா நழுவும்?

கொண்டுபோய் இவரிடம் காட்டினேன். "வெயில்ல கழண்டிருக்கும்" என்றார். மீசைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "விடுங்கம்மா, யாரும் தப்பா நினைக்கல" என்று பதில். யாரும் தப்பா நினைக்கலையா? ஊருக்கே தப்பா எழுதிவிட்டு!

மார்ச் 19

இவரோடு சண்டை. பெரிய சண்டை.

உங்க தம்பிதான் அவிழ்த்தார்னு சொன்னேன். "அவனைப் பத்தி அப்படிப் பேசாதே" என்றார். சரி, பேசவில்லை. நீங்க ஏன் இடத்தை விட்டுப் போனீங்கன்னு கேட்டேன். எழுந்து போய் ஏற்கெனவே காய்ந்து கிடக்கிற துணியை மறுபடி கொடியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கல்லோடு பேசலாம் இவரோடு பேசுவதற்கு.

வேலைக்கும் போக முடியவில்லை. கை ஆறவில்லை. நான் பாதியில் விட்ட பல் செட்டைப் பக்கத்து மேஜைக்காரன் முடித்துக் கொடுத்தானாம். அந்த அம்மாள் இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டாளாம், கடிக்கும்போது 'டக்டக்' என்கிறதாம். கேட்டதும் ஒரு அற்ப சந்தோஷம்.

மார்ச் 24, ஞாயிறு

கொழுந்தன் வந்தார். உட்காரவில்லை. "அண்ணி, அந்தக் கொக்கியை எடுத்துடுங்க. என் பக்கத்துல இருக்கு. நாளைக்கு யார் தலையிலயாவது விழுந்தா நான்ல பதில் சொல்லணும்? ஏப்ரல் பத்துக்குள்ள எடுக்கலைன்னா நானே ஆளை வெச்சு அறுத்துடுவேன்."

அந்தக் கொக்கி போனால் டவரே போயிற்று. அவருக்கும் தெரியும். வரைந்து காட்டியதே நான்தானே!

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 28

நாலு துண்டு டவர் நிற்கிறது, பல் போன வாய் மாதிரி. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2

இதை எப்படி எழுதுவது?

மத்தியானம் ஓரகத்தி பின்வாசல் வழியாக வந்தாள். கொழுந்தன் மனைவி. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், பத்தொன்பது வருடமாக, தையல் மெஷினுக்குப் பின்னால். நாங்கள் பேசிக்கொள்வது தண்ணீர் வந்துவிட்டதா, ஊக்கு இருக்கிறதா, அவ்வளவுதான். அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் கொழுந்தன் முடித்து வைப்பார்.

என் கையைத் திருப்பிப் பார்த்தாள். புதுத்தோல் வந்திருக்கிறது, சிவப்பாக. பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, அந்த முடிச்சு நழுவல. அவர் அவிழ்க்கப் பாத்தார், முடியல. ரொம்ப நேரம் மல்லுக்கட்டினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். நான் பெரிய ஊசியை எடுத்துட்டு வந்து... நான்தான் அக்கா அவிழ்த்தேன்."



"மேல ஆள் இருந்ததேடி!"

"எல்லாரும் காபி குடிக்க உள்ள போயிட்டாங்கன்னார் அக்கா."

"நீ நிமிர்ந்து பாக்கலையா?"

"முடிச்சையே பாத்துட்டிருந்தேன். கடைசிச் சுத்து விட்டதும் கயிறு கையை விட்டுப் பறந்துடுச்சு. பயந்து உள்ள ஓடிட்டேன்."

அந்த நேரத்திலும் என் புத்தி போன போக்கைப் பார் — என் முடிச்சு நழுவவில்லை! ஒரு ஆம்பிளை மல்லுக்கட்டியும் அசையவில்லை! தைக்கிறவள் ஊசி கொண்டுவந்து பிரிக்க வேண்டியிருந்தது! இரண்டு நொடி அந்தப் பெருமை. அடுத்த நொடி அவளைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. மூன்று வாரத்துக்கு மேல். மூன்று வாரமாக என்னை ஊரே காறித் துப்பாத குறை. இவள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெஷின் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்டுக்கொண்டே இருந்தது.

"போ" என்றேன். போய்விட்டாள்.

ஏப்ரல் 4

தூக்கம் இல்லை. யார் மேல் அதிகக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. மனைவி கையால் அவிழ்க்க வைத்துவிட்டு என் முடிச்சின் மேல் பழி போட்டானே, அவன் மேலா? (ஆமாம், "அவன்"தான். இனி இந்த நோட்டில் மரியாதை கிடையாது.) விசாரிக்காமல் எழுதிய மீசை மேலா? காபி குடித்தவர் மேலா?

இவள் மேலும்தான். ஆனால் வந்து சொன்னது இவள் ஒருத்திதான். அதுவும் எரிச்சலாக இருக்கிறது. நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்க வந்தாள். கேட்டேன்: "என்கிட்ட சொன்னதை அவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவியா?"

"அவர்..." என்று ஆரம்பித்தாள். இந்த முறை முடித்து வைக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. அவளாகவே முடிக்க வேண்டியிருந்தது. "சொல்றேன் அக்கா."

ஏப்ரல் 7, ஞாயிறு



ஞாயிறு காலை சங்கத்துக்காரர்கள் எல்லாரும் ரேடியோவில் கூடுவது வழக்கம். மீசை பெயர் கூப்பிடுவார், ஒவ்வொருவராக இரண்டு வார்த்தை பேசுவோம். ஊருக்குள் பேச டவர் வேண்டாம், என் சின்னப் பெட்டியே போதும். லைசென்ஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விருந்தாளியும் பேசலாம் என்பது எங்கள் ஏற்பாடு.

ஓரகத்தி வந்தாள். தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஃபோட்டோ எடுக்கப் போகிறவள் மாதிரி. ரேடியோவில் முகம் தெரியாது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. மைக்கைக் கொடுத்தேன். "இந்தப் பொத்தானை அமுக்கிட்டுப் பேசணும். பேசி முடிச்சதும் விட்டுடு. நீ அமுக்கியிருக்கிறவரைக்கும் வேற எவனும் குறுக்க பேச முடியாது" என்றேன்.

"எவரும் முடியாதா?"

"எவனும்."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அமுக்கினாள். சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அக்கா கட்டிய முடிச்சு நழுவவில்லை என்றாள். என் வீட்டுக்காரர் சொன்னார், நான் ஊசியால் அவிழ்த்தேன், டேப்பை உரித்து ஒட்டி வைத்ததும் நான்தான், மேலே இருந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். அதோடு நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்து அக்காவின் கைத்தோல் போனது, நீங்கள் யாரும் அதைக் கேட்கவில்லையாமே என்றாள். காரில் அவர் எங்கே போக இருந்தார் தெரியுமா, முடி வெட்டிக்கொள்ள என்றாள். பத்தொன்பது வருடத்தில் நான் கேட்காத அளவு வார்த்தை இன்று ஒரே மூச்சில் கேட்டேன். விரலை எடுக்கவே இல்லை. முடித்த பிறகும் எடுக்கவில்லை. நான்தான் மெல்லப் பிரித்துவிட்டேன்.

பொத்தானை விட்டதும் வெறும் இரைச்சல். கடைசியில் மீசை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி. கேட்டுது. தெளிவா கேட்டுது" என்றார்.

முடி வெட்டிக்கொள்ள. பாவி.

ஏப்ரல் 8

பக்கத்து வீட்டில் நேற்று முழுக்கச் சத்தம். அவன் குரல் மட்டும். இன்று காலை விடிந்ததும் விடியாததுமாக இங்கே வந்துவிட்டான். "என் பொண்டாட்டியைத் தூண்டி விட்டீங்களா? பத்தாம் தேதி எல்லாம் வேண்டாம். இன்னிக்கே கொக்கியை அறுக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்தார். கையில் பேப்பர் அப்படியே இருந்தது.

"கொக்கி அங்கதான் இருக்கும். கம்பி வந்துட்டா உன் கார் தாராளமாப் போகும். அன்னிக்கு நீ காபி குடின்னு அனுப்பினே, நானும் போனேன், அது என் தப்பு. இனிமே போகமாட்டேன். நீ போய் உன் வேலையைப் பாரு."

 அவன் போன பிறகு இவர் அதே பேப்பரை விரித்துப் படித்தார், தலைகீழாக. ஒரு வார்த்தைக்காக மற்றதெல்லாம் மறந்துவிடுமா என்ன? ஆனாலும் மத்தியானம் காபி நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

மீசையிடமிருந்து மெசேஜ்: "டவருக்கு எப்போ வரட்டும்?" மன்னிப்பு என்ற சொல்லுக்கு மீசையின் போனில் எழுத்து இல்லை போலிருக்கிறது. சங்கத்து வாட்ஸப்பில் மட்டும், பழைய செய்தியை விட்டுவிடுங்கள் என்று ஒரு வரி போட்டிருக்கிறார். பதில் போட்டேன்: "21, ஞாயிறு. மேலே நான். நீங்க கப்பிக் கயிறு."

வெகுநேரம் கழித்து, "சரி" என்று வந்தது.

ஏப்ரல் 13

ஓரகத்தி சுற்றுச்சுவர் ஓரமாக நின்று கேட்டாள், "இருபத்தொண்ணாம் தேதி நான் ஏதாவது பிடிக்கட்டுமா அக்கா?"

இன்னும் அவள் மேல் கோபம் இருக்கிறது. அதையும் சொன்னேன். "இருக்கட்டும் அக்கா" என்றாள். கொக்கிக்குக் கூட்டிப்போய் முடிச்சைக் காட்டினேன். இரண்டு சுற்று, மூன்று முடிச்சு. "அவிழ்க்கத் தெரிஞ்ச கைதானே, கட்டு" என்றேன். ஒரே தடவையில் கட்டிவிட்டாள். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஏறினேன்.

பெல்ட்டை மாட்டி, நான்காவது துண்டின் தலையில் சாய்ந்து நின்றதும் முழங்கால் இரண்டும் தந்தியடித்தன. அவற்றையும் திட்டினேன். இவ்வளவு பேரைத் திட்டிவிட்டு உங்களை விடுவேனா என்று. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன. கீழே தரைப் பொறுப்பு ஏணி. மீசை கப்பிக் கயிற்றோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் மீசையே தெரியவில்லை, வழுக்கைதான் தெரிந்தது. ஒரு கயிற்றுக்கு இவர். நகரவே இல்லை. நான் காபி அனுப்பச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாராம். கேட் பக்கத்துக் கயிற்றுக்கு ஓரகத்தி.

ஐந்தாவது துண்டு வந்து உட்கார்ந்தது. முதல் திருகாணியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹார்ன் கேட்டது.

குனிந்து பார்த்தேன். கொழுந்தனின் கார், கயிற்றுக்கு முன்னால். ஒரு கையால் டவரை அணைத்துக்கொண்டேன்.

மறுபடி ஹார்ன். நீளமாக.

ஓரகத்தி கொக்கிக்கும் காருக்கும் நடுவே போய் நின்றாள். தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள், அவ்வளவு உயரத்தில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மேல ஆள் இருக்கு!"

கார்க் கதவு திறந்தது. அவன் என்னவோ சொன்னான், அது எனக்குக் கேட்கவில்லை. அவள் நகரவில்லை.

"அக்கா இறங்கற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது. எஞ்சினை அணைங்க."

கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கதவைச் சாத்திவிட்டு அவன் தெருவில் நடந்து போனான்.

மீதித் திருகாணிகளை முடுக்கினேன். கப்பியை மேலே மாற்றினேன். ஆறாவதை அனுப்பச் சொல்லி மீசைக்குக் குரல் கொடுத்தேன்.